நூற்றில் ஆறு பங்கு

மார்ச் 4

மாப்ளே,

நல்லா இருக்கியா? சாப்ட்டியா? இப்ப பகல் ஷிஃப்டா, ராத்திரி ஷிஃப்டா? பசங்க ரெண்டு பேரும் சளி கிளி இல்லாம இருக்காங்களா? நீ பதில் சொல்லணும்னு கேக்கல. இதையெல்லாம் கேக்காம ஆரம்பிச்சா எனக்கு அடுத்த வார்த்தை வராது, அதுக்காகக் கேக்குறேன். நான் போன் பண்ணா நீ எடுக்கிறதில்ல. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா போன்ல இருந்து பண்ணேன், என் குரலைக் கேட்டதும் வச்சுட்டே. கடுதாசியை அப்படி வச்சுட முடியாது பாரு. கிழிக்கிறதுக்குள்ள ரெண்டு வரியாவது கண்ணுல பட்டுடும்.

எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கோ. ரெண்டாம் வகுப்போட நின்னவன் நான். கல்யாணமான புதுசுல, "எங்க மாமாவுக்குக் கையெழுத்தே ஓடுற எறும்பு மாதிரி இருக்கும்"னு நீ ஊரெல்லாம் சொல்லிட்டு திரிஞ்சே. உங்க அக்கா அதுக்கு உன் காதைத் திருகினா. சரி, அதை விடு.

அவளை ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து எட்டு நாள் ஆச்சு. கண்ணைத் திறந்துதான் வச்சிருக்கா. நான் யாருன்னு தெரியல. பேச்சு இல்ல. ஆனா கை மட்டும் சும்மா இருக்க மாட்டேங்குது. கட்டில் விளிம்புல எதையோ வச்சு அழுத்துறா, கட்டைவிரலால தடவுறா, அடுத்ததுக்குப் போறா. மொத ரெண்டு நாள் எனக்குப் புரியல. தையல்காரம்மாதான் கண்டுபிடிச்சா. கப்புக்குக் கைப்பிடி ஒட்டுறாளாம். பதினோரு வருஷமா எங்க பீங்கான் ஆலை உலர் அறையில ஒட்டுன கை.

ஆஸ்பத்திரி வாசல்ல அத்தனை பேர் முன்னாடி நீ சொன்னே, "தூங்கிட்டு எங்க அக்காவைக் கொன்னுட்டீங்களே"ன்னு. எனக்குக் கோபம் வரல மாப்ளே. உனக்குச் சொல்ல உரிமை இருக்கு. ஆலைக்காரனும் அதையேதான் சொல்றான், சூளைக்காரன் தூங்கிட்டான்னு. வேலையில இருந்து நிறுத்தி வச்சுட்டாங்க. 27ஆம் தேதி விசாரணை. பாதுகாப்பு அதிகாரிங்க மூணு பேர் வர்றாங்களாம். போலீஸுக்குப் போகுமா போகாதாங்கிறது அதைப் பொறுத்துதான்.

நான் தூங்கல. இதை யார்கிட்டயும் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன், உன்கிட்ட மட்டும் சாதாரணமா சொல்றேன். தூங்கல.

முன்னாடி எண்ணெய்ச் சூளை இருந்தப்போ எல்லாம் கண்ணுதான். தீயைப் பாத்துக் காத்தைக் கூட்டுவோம், குறைப்போம். கேஸ் குழாய் வந்தப்புறம் பெரிய இன்ஜினியர் வந்தாரு. நல்ல மனுஷன்தான், ஆனா மூக்குக்கண்ணாடியை நெத்தியிலேயே வச்சுக்கிட்டு அதையே தேடுவாரு. அவர் சொன்னாரு, "இனிமே கண்ணை நம்பாதே, எண்ணை நம்பு. கேஸுக்கு எவ்வளவு சூடு இருக்குன்னு தினமும் எண்ணு வரும், அந்த எண்ணுக்கு எவ்வளவு காத்துன்னு பலகையில போட்டிருக்கேன், அப்படியே திருப்பு"ன்னு. அதுல இருந்து தினமும் காலையில ஆறு மணிக்கு உங்க கேஸ் கம்பெனி லேப் ஆளுங்க போன்ல எண்ணைச் சொல்லுவாங்க, கிளார்க் சீட்டுல எழுதி ஆணியில மாட்டுவாரு, நான் காத்து வால்வைத் திருப்புவேன். பிப்ரவரி 9ஆம் தேதி சீட்டுல நாப்பது புள்ளி நாலு. நாப்பது புள்ளி நாலுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் திருப்பினேன்.

காத்து போதாம தீ எரிஞ்சா வாசனையே இல்லாத விஷப் புகை கிளம்பும், அது சூளைச் சுவத்து இடுக்குல புகுந்து உலர் அறைக்குப் போயிருக்குன்னு டாக்டர் சொல்றாரு. மத்த பொம்பளைங்க தலைவலிக்குதுன்னு வெளிய வந்துட்டாங்க. உங்க அக்கா, ஒரு வரிசை பாக்கி இருக்கு முடிச்சுட்டு வர்றேன்னு உக்காந்துட்டா.

அப்ப காத்து எப்படிப் போதாமப் போச்சு? எண்ணுக்குச் சரியாத்தானே திருப்பினேன்? கை நழுவிடுச்சா? தினமும் இந்தக் கையைப் பாத்துப் பாத்துப் பைத்தியம் பிடிக்குது. நீ அங்க லேப்ல இருக்கே. அந்த எண்ணை எப்படிப் போடுறாங்கன்னு எனக்குச் சொல்லு. அன்னைக்கு என்ன கேஸ் வந்துச்சுன்னு சொல்லு. என் கைதான் தப்புன்னா, அதையாவது தெளிவாத் தெரிஞ்சுக்கிறேன்.

உன் மாமா

மார்ச் 9

உங்கள் கடிதம் வந்தது. விளக்கம் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். உறவைத் தொடர்வதற்காக அல்ல.

அன்று அதிகாலை ஷிஃப்டில் இருந்தது நான்தான். நாற்பது புள்ளி நான்கு என்ற எண்ணில் கையெழுத்திட்டதும் நான்தான். ஏழு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். எண்ணில் தவறில்லை.

எப்படிப் போடுகிறோம் என்று கேட்டீர்கள். குழாயில் வரும் வாயு ஒரே பொருள் அல்ல, கலவை. பெரும்பகுதி மீத்தேன். அதோடு ஈத்தேன், புரொப்பேன், இன்னும் கனமான சில. எரியாத நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் கொஞ்சம். மாதிரியைக் கருவியில் செலுத்தினால் அது ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து, நூறு பங்கில் எது எத்தனை பங்கு என்று காகிதத்தில் அடித்துத் தரும். ஒவ்வொன்றுக்கும் இன்ன சூடு என்று அட்டவணை இருக்கிறது. ஒரு கனமீட்டர் மீத்தேனுக்கு 37.7. ஈத்தேனுக்கு 66. புரொப்பேனுக்கு 93.9. கனம் கூடக்கூடச் சூடு கூடும். எரியாததற்குப் பூஜ்யம். பங்கையும் சூட்டையும் பெருக்கி, நூறால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டினால் கலவையின் வெப்ப மதிப்பு. அவ்வளவுதான். இதில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

கருவிக்குத் தூக்கம் வராது. அன்றைய காகிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். படிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அதன்பிறகாவது பழியை ஒப்புக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு இரவில் கால் சில்லிட்டுப் போகும். சின்ன வயதிலிருந்தே அப்படி. காலுறை போட்டுவிடவும்.

மார்ச் 15

மாப்ளே,

காலுறை போட்டேன். கழட்டிப் போட்டுட்டா. மறுபடி போட்டேன். உன் பேரைச் சொல்லிப் போட்டேன், இருந்துச்சு. அது உன் பேருக்காகவா, இல்ல அலுத்துப் போயி விட்டுட்டாளான்னு தெரியல.

நீ கோபமா எழுதினாலும் நல்லா விளக்கி எழுதியிருக்கே. உன் கூட்டெழுத்து எனக்குப் பிடிபடல, உன் கடுதாசியை அஞ்சாறு தரம் தையல்காரம்மாவை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். யார்கிட்டயாவது காட்டுன்னு சொன்னே. யார்கிட்டக் காட்ட? தெருவுல என்னைப் பாத்தா எதிர்ப்பக்கம் போறாங்க. சரி, நாமளே போட்டுப் பாப்போம்னு உக்காந்தேன். மருந்துக் கடைக்காரர்கிட்ட கால்குலேட்டரை ஒரு நாளைக்கு இரவல் கேட்டேன். "உமக்கு எதுக்குய்யா இது, உலையில போடவா?"ன்னாரு. நல்ல வேளை, குடுத்தாரு.

எப்படிப் பெருக்கிறதுன்னு தையல்காரம்மாதான் சொல்லிக் குடுத்தா. அவளுக்குக் கணக்குன்னா துணிதான். "அண்ணே, நூறு மீட்டர் துணின்னு வச்சுக்குங்க. அதுல எண்பத்திரண்டு மீட்டர் ஒரு ரகம், அஞ்சு மீட்டர் ஒரு ரகம். ரகத்துக்கு ரகம் விலை வேற. மொத்தமா மீட்டர் என்ன விலைக்கு அடங்குதுன்னு பாக்கணும், அம்புட்டுதானே"ன்னா. இதை அந்தப் பெரிய இன்ஜினியர் இப்படிச் சொல்லியிருந்தா நான் அன்னைக்கே பாஸ் பண்ணியிருப்பேன்.

நாலு நாள் ஆச்சு மாப்ளே. நடுநடுவுல உங்க அக்காவுக்கு உடுப்பு மாத்தணும், புரட்டிப் படுக்க வைக்கணும். வந்து பாத்தா எதுவரைக்கும் போட்டேன்னு மறந்துடும். சுவத்துல கரியால எழுதி வச்சேன். காகிதத்துல மீத்தேன் எண்பத்திரண்டு. அதுக்கு முப்பது புள்ளி ஒம்போது வந்துச்சு. ஈத்தேன் அஞ்சு, அதுக்கு மூணு புள்ளி மூணு. புரொப்பேன் நாலு, அதுக்கு மூணே முக்காலுக்கு ஒரு துளி மேல. நைட்ரஜன் ரெண்டு, அந்த இன்னொன்னு ஒண்ணு, ரெண்டுக்கும் சூடு கிடையாது. கூட்டினா முப்பத்தெட்டுக்கு ஒரு நூல் கம்மி. நீ சொன்னது நாப்பது புள்ளி நாலு.

தப்பாப் போட்டுட்டேன்னு அழிச்சுட்டு மறுபடி போட்டேன். மூணு தரம் போட்டேன். அதே முப்பத்தெட்டுதான். சுவரே கறுத்துப் போச்சு.

அப்புறம் சூட்டை விட்டுட்டு, வெறும் பங்கை மட்டும் கூட்டிப் பாத்தேன். எண்பத்திரண்டு, அஞ்சு, நாலு, ரெண்டு, ஒண்ணு. விரல் விட்டும் எண்ணினேன். தொண்ணூத்தி நாலுதான் வருது. நீ நூறுன்னு எழுதியிருக்கே. நகல் எடுக்கும்போது கடைசி வரி விட்டுப் போச்சா? அந்தக் காகிதத்துல இன்னும் ஒரு வரி இருக்கும்னு நெனைக்கிறேன். அதை மட்டும் பாத்து எழுதிடு. மிச்சம் ஆறு எங்க?

விசாரணைக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. சிரிக்காதே. தப்பு என் கணக்குலதான் இருக்கும், எனக்கே தெரியும்.

உன் மாமா

மார்ச் 18

மாமா,

அந்தக் காகிதத்தை யாரிடமும் காட்ட வேண்டாம். ஏற்கனவே யாராவது பார்த்தார்களா? தையல்காரம்மாவைத் தவிர? எனக்கு அதைப் பதிவுத் தபாலில் உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கூட்டல் சரியாக நூறு வராது. எந்த லேபிலும் வராது. கருவிக்குக் கருவி அரை, ஒன்று என்று கூடும் குறையும். அதற்காகவே எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் உயர்த்தி நூறாக்கிக்கொள்வோம். அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. இது எல்லோரும் செய்வது. நான் கண்டுபிடித்த வழக்கமல்ல. எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் இப்படித்தான் செய்தார்.

விட்டுப்போன வரி எதுவும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். அன்று தீயின் நிறம் எப்படி இருந்தது? யோசித்துச் சொல்லுங்கள். நீலமாக இருந்ததா?

அக்கா ஏதாவது பேசினாளா?

மார்ச் 21

மாப்ளே,

எத்தனை நாள் ஆச்சு நீ என்னை மாமான்னு கூப்பிட்டு. அந்த ஒரு வார்த்தையைப் பாத்துட்டு மத்ததைப் படிக்கச் சொல்லவே கொஞ்ச நேரம் ஆச்சு.

அரை, ஒண்ணுன்னு எழுதியிருக்கே. ஆறுன்னு எழுதலையே மாப்ளே. நான் படிக்காதவன்தான். ஆனா முப்பது வருஷம் சூளையில நின்னவன். ஒருத்தன் சுட்டுக்கிட்ட கையைப் பின்னாடி மறைச்சா, அவன் நிக்கிற தினுசுலயே தெரிஞ்சுடும். நீ அப்படி நிக்கிறே.

பதிவுத் தபால்ல அனுப்பச் சொன்னே. தபாலாபீஸ் வரைக்கும் போனேன். அங்க ஒரு கெழவர் பசை ஒட்டுற மேசை மேல தலையை வச்சுத் தூங்கிட்டிருந்தாரு. எழுப்ப மனசு வரல. அப்படியே திரும்பி வந்துட்டேன். எழுப்பியிருக்கலாம். ஏன் எழுப்பலைன்னு வழி பூரா யோசிச்சிட்டு வந்தேன்.

தீயோட நிறம் கேட்டே. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. உங்க அக்கா காதுல மட்டும் சொன்னேன், அவளுக்குக் கேட்டுச்சோ என்னமோ. மஞ்சள் மாப்ளே. ஏழு மணிக்கெல்லாம் மஞ்சளாத்தான் இருந்துச்சு. நாக்கு நீட்டுன மாதிரி நீளமா, நுனியில அழுக்கா. எண்ணெய்ச் சூளைக் காலமா இருந்தா அந்த நிமிஷமே காத்தைத் திறந்திருப்பேன். வால்வு மேல கையையும் வச்சேன். அப்புறம் ஆணியில தொங்குற சீட்டைப் பாத்தேன். நாப்பது புள்ளி நாலு. மாப்பிள்ளை லேப்ல இருந்து வந்த எண்ணு, அவன் படிச்சவன், தப்பா இருக்காதுன்னு கையை எடுத்துட்டேன். போன வருஷம் ஒரு தரம் கண்ணை நம்பிக் காத்தைக் கூட்டுனதுக்கு ஒரு சூளைச் சாமான் வெடிச்சுப் போயி, மேனேஜர் வாயில வராத வார்த்தையெல்லாம் வந்துச்சு. அந்தப் பயமும் இருந்துச்சு.

அந்த ரெண்டு மணி நேரம் நான் தீயைப் பாத்துக்கிட்டே நின்னேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் அவ உக்காந்திருந்தா.

நேத்து மேனேஜர் வீட்டுக்கே வந்தாரு. செருப்பைக் கழட்டாம உள்ள வந்து, அவளை ஒரு தரம் பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. ஒரு காகிதத்தை நீட்டினாரு. "தூங்கிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடு. வேலையோட போயிடும், போலீஸ் வரைக்கும் போகாது. நீ உள்ள போயிட்டா இந்தம்மாவை யாரு பாத்துப்பா?"ன்னாரு. நியாயமான கேள்வி. பேனாவையும் அவரே குடுத்தாரு. நான் யோசிச்சுச் சொல்றேன்னேன். பேனாவை வாங்கிட்டுப் போயிட்டாரு.

தையல்காரம்மா தொழிலை விட்டுட்டு எத்தனை நாளைக்கு இங்க உக்காருவா? உங்க அம்மாவால நடக்க முடியாது. எனக்கு வழி தெரியல மாப்ளே. கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருக்கு. நான் போடப்போற கையெழுத்து பொய்யா, நெஜமா? அதை நீ ஒருத்தன்தான் சொல்ல முடியும்.

ஆறு என்னது?

உன் மாமா

மார்ச் 24

மாமா,

ஆறு, பியூட்டேன். கனமான வாயு. சூடு 121.8. மீத்தேனைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

வழக்கமாக அது குழாய்க்கு வருவதற்கு முன்பே இங்கே ஒரு பிரிவில் தனியாக எடுத்துவிடுவார்கள். அன்று விடியற்காலை அந்தப் பிரிவு நின்றுபோயிருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கனமான வாயு அப்படியே குழாயில் போய்விட்டது. கருவியில் அது கடைசியாகத்தான் வெளியே வரும். அது வருவதற்குள் உள்ளே ஒரு வால்வு முன்னதாகவே திரும்பிக்கொண்டது. அதனால் காகிதத்தில் அது பதிவாகவே இல்லை. இதையெல்லாம் இந்த ஒரு வாரத்தில், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், பழைய பதிவேடுகளைப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

ஆனால் தெரிந்துகொள்ள அதெல்லாம் தேவையே இல்லை மாமா. கூட்டிப் பார்த்திருந்தால் போதும். தொண்ணூற்று நான்கு என்று வந்தால் ஏதோ ஒன்று காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். மாதிரியை மறுபடி ஓட்ட வேண்டும். இருபது நிமிட வேலை. ஆறு மணிக்குள் பதினோரு ஆலைகளுக்கும் எண்ணைச் சொல்லியாக வேண்டும். முந்தின வாரம் தாமதமானதற்கு மெமோ வாங்கியிருந்தேன். மணி ஐந்து ஐம்பது. மொத்தம் எவ்வளவு என்றுகூடப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினேன். இல்லாத அந்த ஆறையும் இருந்தவற்றுக்கே பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டேன். நாற்பது புள்ளி நான்கு வந்தது. பார்க்க அழகாக இருந்தது. உண்மையில் அன்று குழாயில் போனது நாற்பத்தைந்து புள்ளி மூன்று.

நீங்கள் திருப்பிய காற்று அதற்குப் போதாது. அந்த எண்ணுக்கு யார் திருப்பியிருந்தாலும் போதுமானதாக இருந்திருக்காது.

ஆஸ்பத்திரி வாசலில் நான் கத்தினேன். உங்கள் சட்டையைப் பிடித்தேன். அப்போதும் நீங்கள் என் கையை எடுத்துவிடவில்லை. எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது.

வந்து சொல்ல வேண்டியது நான்தான். தெரிகிறது. மூன்று நாளாகப் பை கட்டி வைத்திருக்கிறேன். பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பினேன். சின்னவன் வாசலில் நின்று "எங்கப்பா போறே" என்று கேட்டான். வேலை போகும், ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்கும், இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள். நான் கோழை மாமா. என்னால் அந்த அறைக்குள் வர முடியாது.

நடந்தது முழுவதையும் தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கொடுப்பதும் கிழிப்பதும் உங்கள் கையில். கிழித்தாலும் நான் உங்களைத் தவறாக நினைக்க மாட்டேன். அக்காவுக்கு விவரம் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொன்று. பழைய காகிதங்களைப் புரட்டினேன். போன வருடத்தில் மட்டும் தொண்ணூற்று ஆறு, தொண்ணூற்று ஏழு என்று நான்கு நாள் இருக்கிறது. எல்லாவற்றையும் நூறாக்கியிருக்கிறோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று காலையும் அந்தப் பொத்தானை அழுத்தினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மார்ச் 27

மாப்ளே,

நல்லா இருக்கியான்னு இன்னைக்குக் கேக்க மாட்டேன். விசாரணை நடக்குற ரூமுக்கு வெளிய பெஞ்சில உக்காந்து எழுதறேன். மொதல்ல மேனேஜர் உள்ள போனாரு, அடுத்து கிளார்க். பியூன் அப்பப்ப கதவைத் திறந்து தலையை நீட்டுறான், என்னைப் பாக்குறான், உள்ள இழுத்துக்கிறான். ஆமை மாதிரி. ஒவ்வொரு தரமும் எனக்கு எந்திரிச்சு உக்காந்து முழங்கால் வலிக்குது.

ரெண்டு ராத்திரி உன் தாளை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மொத நாள் கிழிக்கிறதுன்னுதான் முடிவு பண்ணேன். உங்க அக்காவுக்கு உன்னைவிட வேற யாரு? அவ பேசற நெலமையில இருந்தா, "அவனை விட்டுடுங்க, நீங்க போட்டுடுங்க கையெழுத்தை"ன்னுதான் சொல்லியிருப்பா. என்னைக் கேக்கவே மாட்டா, உத்தரவுதான். அவகிட்டயே கேட்டேன். "உன் தம்பியைக் காட்டிக் குடுக்கவா, வேணாமா, கண்ணையாவது சிமிட்டு"ன்னேன். மேல ஃபேனைப் பாத்துக்கிட்டே இருந்தா. விடியற வரைக்கும் கேட்டுப் பாத்தேன் மாப்ளே.

அப்புறம் உன் கடைசி வரி. இன்னைக்கும் அழுத்தினாங்கன்னு எழுதியிருக்கே. பதினோரு ஆலை. பதினோரு சூளைக்கும் பக்கத்துல ஒரு உலர் அறை இருக்கும், அங்க யாராவது இன்னும் ஒரு வரிசை பாக்கி இருக்குன்னு உக்காந்திருப்பா. என்னை மாதிரி ஒரு மடையன் ஆணியில தொங்குற சீட்டைப் பாத்துட்டுக் கையை எடுப்பான். அதை நெனச்சதும் தாளை மடிச்சுப் பையில வச்சுட்டேன்.

குடுக்கப்போறேன். கிழிச்சாலும் தப்பா நெனைக்க மாட்டேன்னு எழுதினியே, குடுத்தா நெனைப்பியான்னு எழுதல. நெனைச்சுக்கோ. கொடுக்கவா கிழிக்கவான்னு என் கையில விட்டதுக்கு நானும் உன்னைக் கொஞ்ச நாளைக்குத் தப்பாத்தான் நெனைப்பேன்.

ஆனா உன் தாளை மட்டும் குடுத்துட்டு நான் நல்லவனா வீட்டுக்குப் போகப்போறதில்ல. மஞ்சள் தீயையும் சொல்லப்போறேன். கையை வச்சேன், எடுத்தேன், ரெண்டு மணி நேரம் பாத்துட்டு நின்னேன்னு சொல்லப்போறேன். நீ எழுதினே, யார் திருப்பியிருந்தாலும் போதாதுன்னு. போதாதுதான். ஆனா கண்ணுக்குத் தெரிஞ்சும் மறுபடி திருப்பாதவன் நான். தையல்காரம்மா அதைச் சொல்லாதீங்கண்ணேன்னு அழுதா. சொல்லலேன்னா, அந்த ரெண்டு மணி நேரத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?

அதனால நான் இன்னைக்கு வீட்டுக்குத் திரும்புவேனா மாட்டேனான்னு தெரியல. உன்னையும் தேடி ஆள் வரும், இன்னைக்கே வராது. அதுக்குள்ள ஒரு பஸ் இருக்கு. இந்த ரூமுக்கு வர வேணாம். நேரா வீட்டுக்குப் போ. தையல்காரம்மா சாயங்காலம் வரைக்கும்தான் இருப்பா. இந்தக் கடுதாசியை லாரிக்காரர் ஒருத்தர்கிட்ட குடுத்துவிடறேன், தபாலை விட அவர் வேகம். சின்னவன் எங்க போறேன்னு கேட்டா, அத்தைக்குச் சாப்பாடு ஊட்டப் போறேன்னு சொல்லு. நெஜம்தானே.

அதைச் சொல்லித் தந்துடறேன், கவனமாக் கேளு. கஞ்சி வெதுவெதுன்னு இருக்கணும். தலையணையை ரெண்டா மடிச்சு முதுகுக்குக் குடு, நேரா உக்கார வச்சுடாதே, சாஞ்சிருக்கணும். ஸ்பூனைக் கீழ் உதட்டுல வச்சதும் வாயைத் திறக்க மாட்டா. அவசரப்பட்டு ஊத்திடாதே, மூச்சுக்குழல்ல போயிடும். மனசுக்குள்ள பத்து எண்ணு. மெதுவா எண்ணணும், ஆறு மணிக்குள்ள முடிக்கணும்னு எண்ணக் கூடாது. எனக்கு ஏழுல திறப்பா, சில நாள் ஒம்போது. பத்து எண்ணியும் திறக்கலேன்னா, கோவிச்சுக்காம ஸ்பூனை எடுத்துட்டு, அவ தாடையை இப்படி

இரு, பியூன் என்னைக் கூப்பிடுறான். வர்றேன்னு சொல்லிட்டேன். தாடையை ரெண்டு விரலால, அழுத்தாம,